கிளியம்மாள் ஏற்கெனவே இருக்கிறார்

ஒரே கல்லூரியில் இருபது வருஷம் பாடம் நடத்தினால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், முட்டிவலி கிடைக்கும் என்றுதான் ஞானசௌந்தரி சொல்லிக்கொண்டிருந்தார். போன டிசம்பரில் அதோடு ஒரு மடிக்கணினியும் கிடைத்தது. முட்டிவலியே தேவலை என்று அவர் சொல்ல ஆரம்பித்தது மே மாதத்தில்.

முடிச்சூர் தாண்டி, ஒரு காலத்தில் வேர்க்கடலை விளைந்த நிலத்தில் நிற்கிறது அன்னை கிளியம்மாள் பொறியியல் கல்லூரி. நிலத்துக்குச் சொந்தக்காரரும் கல்லூரியின் சேர்மனும் துளசிங்கம். கடலை போட்டபோது வராத மகசூல் கல்லூரி போட்டபோது வந்தது என்று அவரே மேடையில் சொல்வார். அவருக்கு ஒளிவு மறைவு கிடையாது. கல்லூரிக்குத் தன் தாயாரின் பெயரை வைத்தார். பெற்ற தாய்க்கு யாரும் செய்யக்கூடியதுதான். அதோடு நிற்காமல் நூலகத்துக்கும் அதே பெயரை வைத்தார். பிறகு கேன்டீனுக்கு, பேருந்துகளுக்கு, போர்வெல்லுக்கு. கிளியம்மாளுக்கு நேராகப் போய் கிளியம்மாளில் இடது பக்கம் திரும்பினால் கிளியம்மாள் வரும் என்று வாசல் காவலாளி வழி சொல்வார். அவர் சொல்வதில் பிழை இருக்காது, ஆனால் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை.

டிசம்பரில் நடந்த நிறுவனர் நாள் விழாவில், இருபது வருஷம் பணியாற்றிய பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். மூடியில் சந்தனப் பொட்டு. திறந்தால் திரை முழுக்கக் கிளியம்மாளின் படம். பன்னிரண்டு கணினிகளுக்கும் கிளியம்மாள் என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். துளசிங்கம் மைக்கைப் பிடித்துக் கண்கலங்கினார்.

“இருவது வருசம் ஒழைச்சவங்களுக்கு சம்பளத்த ஏத்திக் குடுத்தா அது செலவாயிப்பூடும். அதான் எங்கம்மாவயே தூக்கிக் குடுக்கறேன். அம்மா செலவாவ மாட்டாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது: புதியது பெற்றவர்கள் பழைய மேஜைக் கணினியை ஒப்படைக்க வேண்டும். மற்ற பதினோரு பேரும் புதியதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பழையதிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஞானசௌந்தரிக்குச் சுற்றறிக்கையைப் படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. படிப்பதோடு நிற்காமல் அதன்படி நடப்பார். பழையதை ஒப்படைத்த ஒரே ஆள் அவர்தான்.

மே மாதம், இறுதியாண்டு மாணவர்களுக்கு ஞானசௌந்தரி நடத்திய வேதியியல் விருப்பப்பாடத்தின் இன்டர்னல் மார்க்கைப் பதிய வேண்டிய வேளை வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகம் கதவை மூடிவிடும். அதற்குள் மார்க் ஏறாத மாணவர்களுக்கு ஆப்சென்ட் என்று விழும். ஆப்சென்ட் விழுந்தால் ரிசல்ட் வராது. ரிசல்ட் வராவிட்டால் அடுத்த வருஷம் வந்து எழுத வேண்டியதுதான். வகுப்பு முழுவதற்கும் இதுதான் கதி என்றாலும் ஞானசௌந்தரி கவலைப்பட்டது உதயாவை நினைத்துத்தான். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் மகள். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி ஜூலையில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தது, ரிசல்ட்டோடு வந்தால் மட்டும். அந்த வீட்டில் முதல் வேலைக் கடிதம் அது.

மார்க்கைப் பதிவதற்குக் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. ஆசிரியர் தன் பெயரில் ஒதுக்கப்பட்ட கணினியிலிருந்து மட்டுமே பதியலாம். அந்தக் கணினி கல்லூரி நெட்வொர்க்கில் சேர்ந்திருக்க வேண்டும். ஞானசௌந்தரி கிளியம்மாளைத் திறந்து, சேர் என்று சொன்னார். அது மரியாதையாக மறுத்தது. தன்னில் இருப்பது ஹோம் எடிஷன், வீட்டு உபயோகத்துக்கானது, அலுவலக நெட்வொர்க்கில் தன்னால் சேர இயலாது என்றது. அந்தக் கல்லூரியில் யாராவது ஒருவர் உண்மையை நேரடியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் அவருக்கு அது புரியவில்லை. மூன்று தரம் முயற்சி செய்துவிட்டு சர்வர் அறைக்குப் போனார்.

வெளியே அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளந்தது. உள்ளே குப்புராஜ் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெட்வொர்க் பிரிவில் கையால் வேலை செய்கிற ஒரே ஆள் அவன்.

“மேடம், செருப்ப வெளியில வுட்டுட்டு வாங்க. அம்மா கீறாங்க.”

அலமாரி உயரத்துக்கு நின்ற சர்வருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் போட்டிருந்தது. நெற்றியில் பித்தளைத் தகடு: அன்னை கிளியம்மாள். ஞானசௌந்தரி சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“கம்ப்ளெயிண்ட் போட்டீங்களா மேடம்?”

“எங்க போடணும்?”

“நெட்வொர்க்குலதான்.”

“நெட்வொர்க்குல சேர முடியலைங்கறதுதானேப்பா கம்ப்ளெயிண்ட்டே?”

“அத்தயேதான் மேடம் அதுல போடணும். இதுவரிக்கும் சேர முடியலன்னு ஒருத்தர்கூட கம்ப்ளெயிண்ட் போட்டதில்ல. டைரக்டர் சாரு ஒவ்வொரு மீட்டிங்லயும் அத்த சொல்லிக்கினு கீறாரு.”

டைரக்டர் என்பது அனந்தகிருஷ்ணன். நெட்வொர்க் பிரிவின் இயக்குநர். கண்ணாடி அறையில், வெளியே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி வேலை இல்லாமல் இருந்தார். ஞானசௌந்தரி சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு விளக்கினார்.

“ஹோம் எடிஷன்ங்கறது மேடம், கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி. வரலாம், சாப்பிடலாம், போட்டோ எடுத்துக்கலாம். சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது. நெட்வொர்க் சமையல்கட்டு.”

“சார், இந்த விருந்தாளிய நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?”

“நான் இல்ல. ஹோம் எடிஷன் வாங்கினது பர்ச்சேஸ். குறைஞ்ச விலையில வாங்கணும்கறது அவங்க ரூல். அதைச் சேர்த்துக்கக்கூடாதுங்கறது என் ரூல். ரெண்டு டிபார்ட்மெண்ட்டும் அவங்கவங்க வேலையை நூறு பர்சென்ட் சரியா செஞ்சிருக்கோம். இப்படி ஒரு காலேஜ் தாம்பரத்துலயே கிடையாது.”

“அப்ப தப்பு யார் மேல சார்?”

“தப்புன்னு ஏன் பார்க்கறீங்க? பாதுகாப்புன்னு பாருங்க. போன வருஷம் முழுக்க நம்ம நெட்வொர்க்குக்குள்ள ஒரு வைரஸ் வரல. ஏன்? மனுஷனே வர முடியல, வைரஸ் எப்படி வரும்?”

கடைசியில் ஒரு வழியும் சொன்னார். ஹோம் எடிஷனைப் புரோ எடிஷனாக உயர்த்த ஒரு எண் விற்கிறார்கள். அதை வாங்கிக் கணினியில் போட்டால் அது சமையல்கட்டுக்குள் வரலாம். வாங்குவதற்குப் பர்ச்சேஸ் பிரிவுக்குப் போக வேண்டும்.

பர்ச்சேஸ் அதிகாரி சம்பந்தம், ஊறுகாய் வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்பவர். ஞானசௌந்தரி, அந்த எண்ணை உலகத்தில் ஒரே கம்பெனிதான் தயாரிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்.

“ஒரே கம்பெனின்னா அது ஏகபோகம் மேடம். ஏகபோகத்தை இந்த நிர்வாகம் ஆதரிக்காது” என்றார் சம்பந்தம். நிர்வாகத்தில் சேர்மன், செயலாளர், பொருளாளர் எல்லாமே துளசிங்கம்தான்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர், கல்லூரியின் பெயரைச் சொன்னதுமே மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று லெட்டர்பேடுகளை எடுத்து வைத்தார். ஒன்று அவருடையது, ஒன்று அவர் மனைவியுடையது, ஒன்று மாமியாருடையது. “எங்க மாமியாரைக் கடைசியா வெச்சிடறேன் மேடம், அவங்க விலை எப்பவும் ஜாஸ்தி” என்றார். சம்பந்தம் மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். மூன்று கையெழுத்தும் ஒரே கையெழுத்தாக இருந்தது அவருக்கு நம்பிக்கையைக் கொடுத்தது போலிருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு. அக்னி நட்சத்திரம் முடிஞ்சதும் ஆர்டர் போட்டுடலாம்.”

“சார், வெள்ளிக்கிழமை கடைசி நாள்!”

“கத்திரி வெயில்ல புதுசா எதுவும் வாங்கறதில்ல மேடம். சேர்மனோட அம்மா காலத்துலேர்ந்து வழக்கம்.”

ஞானசௌந்தரி அன்றைக்கே தன் கைக்காசைப் போட்டு அந்த எண்ணை வாங்கிவிட்டார். வாங்கியதைக் கமுக்கமாகக் கணினியில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர்தான் சுற்றறிக்கை படிக்கிறவராயிற்றே. டைரக்டரிடம் போய்ச் சொன்னார். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“உங்க சொந்தப் பொருளைக் கல்லூரிப் பொருளுக்குள்ள போடறதா? ஆடிட்டுல என்னைத் தூக்கிடுவாங்க. நன்கொடையா குடுங்க. விழா வெச்சு வாங்கிக்கறோம்.”

விழா வைத்தார்கள். வெறும் எண்ணைக் கையில் கொடுத்தால் போட்டோவில் விழாது என்பதால், கதவளவு தெர்மாகோல் பலகையில் அதைப் பெரிது பெரிதாக வெட்டி ஒட்டி ஜிகினாவும் தூவினார்கள். ஞானசௌந்தரி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், டைரக்டர் இன்னொரு பக்கம். அரை மணி நேரத்தில் அந்தப் படம் ஆசிரியர் குழு, மாணவர் குழு, பெற்றோர் குழு என எல்லா வாட்ஸப் குழுவுக்கும் போனது. அத்தனை பேரும் கும்பிட்ட கைப் படம் அனுப்பினார்கள்.

நன்கொடையைப் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வாங்கிவிட்டு வந்து, ஞானசௌந்தரி கணினி முன் உட்கார்ந்து அந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். இந்த எண்ணை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திவிட்டார் என்றது கணினி.

டைரக்டர் உடனே விசாரித்தார். மாலைக்குள் உண்மையும் தெரிந்துவிட்டது. “ஹாஸ்டல்ல எவனோ போட்டோவைப் பார்த்தே அடிச்சிருக்கான் மேடம். அவ்வளவு சின்னப் படத்துல அத்தனை எழுத்தையும் தப்பில்லாம! நம்ம பசங்களோட தொழில்நுட்பத் திறமையைப் பாருங்க. ஆண்டறிக்கையில போடப்போறேன்.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஞானசௌந்தரியின் கணவர் தேவானந்தம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. “ஒரே நம்பரை ரெண்டு தரம் வாங்கப்போற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான் சௌந்தரி” என்றார். அவருக்குச் சப்பாத்தி கருகித்தான் கிடைத்தது.

இரண்டாவது எண்ணை வாங்கியதை ஞானசௌந்தரி கர்த்தரிடம்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் போட்டார். போட்டதும் ஹோம் எடிஷன் புரோ எடிஷனாகிவிட்டது. நெட்வொர்க்கில் சேர் என்று மறுபடி சொன்னார். இந்தத் தடவை வேறு பதில் வந்தது. கிளியம்மாள் என்ற பெயரில் இந்த நெட்வொர்க்கில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது.

குப்புராஜ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“சர்வர் பேரும் கிளியம்மாதான், இது பேரும் கிளியம்மாதான். ஒரே பேர்ல ரெண்டு இருந்தா அது சேத்துக்காது மேடம். பேர மாத்தினா ரெண்டு நிமிசத்துல வேல முடிஞ்சிரும்.”

“அப்ப மாத்துப்பா!”

“இன்னா மேடம் வெளாட்றியா? சேர்மனோட அம்மா பேர நான் எடுக்கறதா? எனக்கு ரெண்டு புள்ள கீது.”

டைரக்டருக்கும் தைரியம் வரவில்லை. பெயரை எடுக்க வேண்டாம், பின்னால் ஏதாவது சேர்க்கலாமே என்று ஞானசௌந்தரி கெஞ்சினார். கிளியம்மாள் இரண்டு என்று வைத்தால் போதாதா?

அனந்தகிருஷ்ணன் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இரண்டாவது கிளியம்மாளா? சேர்மனோட அப்பாவைப் பத்தி ஊர் என்ன பேசும்னு யோசிச்சீங்களா மேடம்?”

வெள்ளிக்கிழமை காலையில் உதயா ஆய்வக வாசலில் வந்து நின்றாள். எல்லாப் பாடத்துக்கும் மார்க் ஏறிவிட்டது, வேதியியல் மட்டும் காலியாக இருக்கிறது என்றாள். “கம்பெனியிலேர்ந்து போன் பண்ணாங்க மேடம். அப்பா தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. எனக்கு வேலை போயிடுமா மேடம்?” என்று கேட்டுவிட்டு அழாமல் இருக்க மேலே மின்விசிறியைப் பார்த்தாள். இருபது வருஷமாக மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஞானசௌந்தரிக்கு இந்த ஒன்றைத்தான் தாங்க முடிவதில்லை. டைரக்டரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு சேர்மன் அறைக்குப் போனார்.

துளசிங்கம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் கிளியம்மாளின் படம், அதற்குப் பின்னால் கிளியம்மாளின் இன்னும் பெரிய படம்.

“இன்னா டீச்சரம்மா, இன்னா பேஜாரு?”

டைரக்டர் பெயரைப் பற்றிப் பேச்சை எடுக்கத் தயங்கி, தொழில்நுட்பம், உலகத்தரம் என்று சுற்றி வளைத்தார். ஞானசௌந்தரி குறுக்கே புகுந்து போட்டு உடைத்தார். இரண்டு கணினிக்கும் அம்மா பேர், அதனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, சேராவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போய்விடும். துளசிங்கம் மிச்ச இளநீரை உறிஞ்சினார். ஸ்ட்ராவில் காற்று வந்தது.

“உங்க கம்ப்யூட்டரு பேரு இன்னா?”

“கிளியம்மாள் சார்.”

“அங்க உள்ளாற கீதே, அது பேரு?”

“அதுவும் கிளியம்மாள்தான்.”

“ரெண்டுமே எங்கம்மா. ரெண்டும் ஒண்ணுதானே? ஒண்ணா கீறத எதுக்குத் திரும்பிச் சேக்கணும்? அது எப்பவோ சேந்துதான் கீது.”

அனந்தகிருஷ்ணன் கை இரண்டையும் கூப்பினார். “இந்தக் கோணத்துல நாங்க யாருமே பார்க்கல சார்.”

அந்த இடத்திலேயே உத்தரவு தட்டச்சானது. ஞானசௌந்தரியின் கணினி நெட்வொர்க்கில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது, புகார் தீர்க்கப்பட்டது. தீர்த்துவைத்ததற்கு நன்றி என்று அவரிடமே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவரும் போட்டார். அப்போது அவருக்கு இருந்த கோபத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் போட்டிருப்பார்.

உத்தரவைக் கொண்டுவந்து கணினி முன் வைத்துப் பார்த்தார். கணினி அதை மதிக்கவில்லை. மணி நாலே கால். ஆய்வகத்தில் அமிலம் இருந்தது, பாட்டில் இருந்தது, டைரக்டரின் அறையும் பக்கத்தில்தான் இருந்தது. ஞானசௌந்தரி ஜெபம் பண்ணினார். பிறகு மடிக்கணினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சர்வர் அறைக்குள் நுழைந்தார், செருப்பைக் கழற்றாமல்.

“குப்புராஜ், பேர மாத்து.”

“மேடம், வேணாம் மேடம்…”

“ஏன்ப்பா, அந்தப் பொண்ணு உன் பொண்ணா இருந்தா?”

குப்புராஜ் குல்லாவைக் கழற்றினான். சர்வரைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான். “நான் கீபோர்ட தொட மாட்டேன். பேர நீங்களே அடிச்சிருங்க. பாஸ்வேர்டு கேட்டா மட்டும் நான் போடறேன். நாளிக்குக் கேட்டா, நான் டீ குடிக்கப் போனேன்.”

பழைய பெயரை அழித்தார் ஞானசௌந்தரி. புதுப் பெயரைக் கேட்டுக் கட்டம் காலியாக நின்றது. தன் பெயரைப் போட விரல் போயிற்று. போட்டால் சேரும். திங்கட்கிழமையே யாராவது பார்ப்பார்கள், அம்மாவை எடுத்துவிட்டு உன் பெயரை வைத்தாயா என்பார்கள், போட்ட மார்க்கையும் சேர்த்து ரத்து செய்வார்கள். உதயா என்று வைத்தால் அந்தப் பெண்ணையும் இழுப்பார்கள். இந்தக் கல்லூரியில் யாரும் எடுக்கத் துணியாத பெயர் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அவர் துளசிங்கம் என்று அடித்தார். அடிக்கும்போது நாக்கில் கசப்புத் தட்டியது.

கணினி அணைந்து, மறுபடி எழுந்தது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள் என்று சொல்லி ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. அந்த வட்டத்தை முறைத்துக்கொண்டே அவர் தனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதம் முழுவதையும் சொல்லி முடித்தார். குப்புராஜ் மல்லிகைச் சரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வட்டம் நின்றது. நெட்வொர்க்குக்கு நல்வரவு என்றது திரை. அவர் மார்க்குகளை அடிக்கத் தொடங்கினார், மணி ஐந்து அடிக்கச் சற்று முன்னால் கடைசி மார்க்கும் ஏறியது. குப்புராஜ் உண்மையாகவே டீ குடிக்கப் போனான்.

திங்கட்கிழமை விசாரணை. டைரக்டரே மனு எழுதியிருந்தார். நிறுவனரின் தாயாரைக் கல்லூரிச் சொத்திலிருந்து அனுமதியின்றி நீக்கியது குற்றச்சாட்டு. சம்பந்தம் சாட்சியாக வந்து உட்கார்ந்திருந்தார், எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. ஞானசௌந்தரி ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

“பேர் மாத்தினா சேரும்னு எனக்கும் தெரியும் சார்” என்று ஆரம்பித்தார் அனந்தகிருஷ்ணன். “முதல் நாளே தெரியும். ஆனா தெரிஞ்சதை எல்லாம் செஞ்சிட்டா அப்புறம் டைரக்டர்னு ஒருத்தர் எதுக்கு? இவங்க எனக்கு இருக்கற இடத்தையே கேள்விக்குறி ஆக்கிட்டாங்க.”

துளசிங்கத்தின் முகம் சிவந்திருந்தது. “எங்கம்மா பேர அழிச்சிட்டு இன்னா பேரு வெச்சீங்க டீச்சரம்மா?”

“உங்க பேருதான் சார்.”

துளசிங்கம் முன்னால் சாய்ந்தார்.

“சேந்துச்சா?” என்றார்.

“உடனே சேர்ந்துடுச்சு சார்.”

துளசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. “பாத்தியாய்யா… வேற யாரு போனாலும் அம்மா சேத்துக்கல. புள்ள போனதும் சேத்துக்கினாங்க. செத்தும் எம்மேல பாசம் போவல பாரு.”

அனந்தகிருஷ்ணன் கையிலிருந்த மனுவை எட்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இந்த ஐடியாவைப் போன மாசமே நான்தான் சார் மேடம்கிட்ட சொன்னேன்” என்றார். சம்பந்தம் தலையாட்டி அதற்குச் சாட்சி சொன்னார். வந்ததற்கு ஒரு வேலை கிடைத்தது.

அங்கேயே சால்வை வரவழைத்து ஞானசௌந்தரிக்குப் போர்த்தினார்கள். பன்னிரண்டு மடிக்கணினிகளுக்கும் இனி துளசிங்கம் என்றே பெயர் வைக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் தாயோடு சேர வேண்டும் என்று சேர்மன் உத்தரவிட்டார். வாசலில் நின்ற குப்புராஜ் மட்டும் ஞானசௌந்தரியைப் பார்த்தான். பன்னிரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மீதிப் பதினொன்றும் சேராது என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவர் கை தட்டிக்கொண்டிருந்தார். ஒருவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஞானசௌந்தரி வாயைத் திறந்தார். ஏறிய மார்க் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டு, நன்றி சார் என்றார்.

வராந்தாவில் நடக்கும்போது போன் அதிர்ந்தது. உதயா. மார்க் வந்துவிட்டது மேடம், எப்படி மேடம் போட்டீங்க, எல்லாரும் முடியவே முடியாதுன்னு சொன்னாங்களே என்று எழுதியிருந்தாள்.

ஞானசௌந்தரி நடந்ததை எல்லாம் எழுத ஆரம்பித்தார். ஹோம் எடிஷன், கொட்டேஷன், தெர்மாகோல், கிளியம்மாள். படித்துப் பார்த்தார். பைத்தியக்காரி எழுதினது மாதிரி இருந்தது. இந்தப் பெண் இதை நாலு பேருக்கு அனுப்பினால் மார்க்குக்கு என்ன ஆகும் என்றும் தோன்றியது. எல்லாவற்றையும் அழித்தார். சேர்மன் சார் உதவி பண்ணினார் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.

“சார் தெய்வம் மேடம். அப்பா அழறாரு. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணுமாம், சாரோட போட்டோ ஒண்ணு கிடைக்குமா?”

ஞானசௌந்தரி சால்வையை உருவிக் கைப்பைக்குள் ராஜினாமாக் கடிதத்தின் மேல் திணித்தார். அறைக்குப் போய், போன வருஷத்து ஆண்டறிக்கையைத் தேடி எடுத்தார். படம் முதல் பக்கத்திலேயே இருந்தது. போனில் அதைப் படம் பிடித்து உதயாவுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் மணி வகுப்புக்குப் போனார்.